உப்பூர் டு தனுஷ்கோடி... அம்மாவும் நானும் நடக்கத் தயாராகிறோம்!

உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தேவிபட்டினம், ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று நடந்து, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ரோடு முடிகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். சுமார் 110 கிலோமீட்டர். நடக்க ஆறு நாள், நடுவில் ராமேஸ்வரத்தில் ஒரு நாள் ஓய்வு. தை அமாவாசைக் கூட்டம் வடிந்து, சிவராத்திரிக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் முடித்துவிட வேண்டும். திட்டம் என்று எழுதினால் இவ்வளவுதான்.

நான் கடைசியாக முதுகில் பை மாட்டிக்கொண்டு நடந்தது 2018 ஜனவரியில். ஜர்னலிசம் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த காலம். மாதம் ஒரு மலை என்று கிளம்பும் ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. அந்த வருடம் மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. ட்ரெக்கிங் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும், டி.வி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ''இனிமே மலை கிலைன்னு பேச்செடுக்காத'' என்றார். எடுக்கவில்லை. பை பரணுக்குப் போனது.

அதன் பிறகு ட்ரெக்கிங் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அனுமதியோடும் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்து, போட்டோ ஏற்றி, நோட்டிஃபிகேஷன் தட்டியது நான்தான். அப்போது நான் மதுரையில் டிஜிட்டல் டெஸ்க் ஊழியர். எட்டு மணி நேரம் நாற்காலி, ஏ.சி. போனில் காட்டும் ஸ்டெப் கவுன்ட் பல நாள்கள் இரண்டாயிரத்தைத் தொடாது.

இந்தப் பாதை எனக்குக் கிடைத்ததும் டெஸ்க் வேலையில்தான். ராமேஸ்வரம் பற்றிய ஒரு ஸ்டோரிக்காகச் சத்திரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் வருவதற்கு முன்னால் காசியிலிருந்தும் வேறெங்கிருந்தெல்லாமோ ராமேஸ்வரத்துக்கு மக்கள் நடந்து வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் ஊர் ராஜாக்களுக்கு 'சேதுபதி' என்ற பட்டமே, சேதுவுக்குப் போகிற வழியையும் யாத்ரீகர்களையும் காக்க வேண்டியவர்கள் என்பதால் வந்தது. வடக்கே தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டிய மன்னர்கள் இந்தப் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் நடத்தினார்கள். ஒரத்தநாட்டில் இருக்கும் முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பிரமாண்டம் தெரியும்.

இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சத்திரங்களுக்கான நிலத்திலும் வருமானத்திலும் கை வைத்துவிடாதீர்கள் என்பதுதான் விஷயம். அதில் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். வருகிற எல்லோருக்கும் சாப்பாடு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிகளுக்கு வைத்தியர், விஷக்கடிக்கு வைத்தியர். வழிப்போக்கர்களின் அநாதைக் குழந்தைகளுக்குச் சோறும் படிப்பும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்களாம். 'இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்' என்பதற்காக அந்த மணி.

அந்த மணிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று இரவு அம்மாவுக்கு போன் போட்டு, ''ராமேஸ்வரத்துக்கு நடக்கப் போறேன், இது மலை இல்ல, நம்ம ஊர் ரோடுதான்'' என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

''நானும் வர்றேன்டி'' என்றார்.

அம்மாவுக்கு 52 வயது. கல்யாணத்துக்கு முன்பும், ஆன புதிதிலும், தைப்பூசம்தோறும் பழனிக்குப் பாதயாத்திரை போனவர். நான் பிறந்த பிறகு அது நின்றுபோனது. எனக்கு எட்டு வருட இடைவெளி என்றால் அவருக்கு இருபத்தெட்டு. ஒன்பது வருடமாகச் சர்க்கரை வேறு.

அதனால் தயாரிப்பு ஷூ கடையில் ஆரம்பிக்கவில்லை, டாக்டரிடம் ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, டாக்டர் ஒரு சின்னக் கைப்பிடியில் பொருத்திய நைலான் இழையை எடுத்தார். சுமார் 10 கிராம் அழுத்தம் கொடுத்தால் வளைந்துவிடும் இழை. ''கண்ணை மூடிக்கங்கம்மா. தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க, போதும்.'' வலது காலில் ஆமா, ஆமா, ஆமா. இடது காலில் பெருவிரல் நுனியில் இழை வளைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் வளைந்தது. அம்மா கண்ணை மூடியபடி அடுத்த தொடுதலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீண்ட நாள் சர்க்கரையில் பாத நரம்புகள் இப்படி மெதுவாக மந்தமாகும். வலியே இல்லாததால், எதுவும் சரியில்லை என்று அந்த ஆளுக்கே தெரியாது. செருப்புக்குள் ஒரு கல் கிடந்தாலும், கொப்பளம் உடைந்தாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். விரலை எடுக்க வேண்டிய நிலை வரை போகிற புண்கள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன என்றார் டாக்டர்.

''அப்ப போகக் கூடாதா?'' என்றார் அம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

''போகலாம். நீங்க நினைச்ச மாதிரி இல்ல, நான் சொல்ற மாதிரி.''

அவர் சொன்னவை: ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டர், உடம்பு ஒத்துழைத்தால் 10. மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து காலைப் பார்க்க வேண்டும். இரவில் அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட நடை நாளில் மாத்திரையின் அளவு மாறும். அதை அவர் எழுதித் தருவார், நாமாகக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. சட்டென்று வியர்த்து, நடுங்கி, படபடத்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் உட்காருதல், மறுபடி சர்க்கரை அளவு பார்த்தல். அம்மா உடனே, ''கருப்பட்டி வெச்சிருக்கேன் டாக்டர், அது சர்க்கரை இல்லயே'' என்றார். டாக்டர் சிரித்தேவிட்டார். கருப்பட்டியும் சர்க்கரைதான். இதை எங்கள் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் பிரச்னை. வெறுங்காலில் நடக்கவே கூடாது. பழனிக்கு அம்மா ஒரு தடவைகூடச் செருப்புப் போட்டு நடந்ததில்லை. பாதயாத்திரை என்றால் அவர் மனதில் அதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் பேசவே இல்லை. இரண்டு நாள் கழித்து, காய் நறுக்கிக்கொண்டே, ''சாமிக்கு என் செருப்பு கண்ணுக்குத் தெரியாது. டாக்டருக்குத்தான் தெரியும். போட்டுக்கிறேன் போ'' என்றார். கோயிலுக்குள் மட்டும் கழற்றுவது என்று ஒப்பந்தம்.

அப்படியே 22 தீர்த்தங்களுக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டேன். ராமேஸ்வரம் போனதும் தீர்த்தமாடுவதுதான் அவர் ஆசை. ஆனால் மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறிய பாதத்தோடு மறுநாள் தனுஷ்கோடிக்கு நடந்தால் தோல் வழுக்கிக்கொண்டு கொப்பளிக்கும். அதனால் தீர்த்தமெல்லாம் தனுஷ்கோடி நடை முடிந்து திரும்பிய பிறகு, விரல் இடுக்கைத் துடைத்துவிட டவலோடு.

ஷூவுக்கு வருகிறேன். பரணிலிருந்து என் பழைய ட்ரெக்கிங் ஷூவை இறக்கினேன். மேலே பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. வாசலில் நாலு எட்டு வைத்ததும் அடிப்பாகம் ரொட்டித்தூள் மாதிரி உதிர ஆரம்பித்தது. பல ஷூக்களின் நடு சோல் பாலியூரித்தேனில் செய்வது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அது சிதைந்துபோகும். எங்கள் கடற்கரைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். உங்கள் வீட்டிலும் யாராவது பல வருடம் கழித்து மலையேறக் கிளம்பினால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பழைய ஷூவைப் போட்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். புது ஷூ வாங்கும்போது எனக்கும் அம்மாவுக்கும் சாயங்காலம் போய், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்கினோம். அம்மாவுக்கு வாங்கியது விரல் பக்கம் அகலமானது. அதைப் போட்டுக்கொண்டு அவர் முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தார். பால்காரர் பார்த்துவிட்டு, ''என்னத்தா, போலீஸ்ல சேந்துட்டீகளா?'' என்று கேட்டது தனிக் கதை.

பையில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. நான் கற்ற பள்ளியில், உனக்கு வேண்டியதெல்லாம் உன் முதுகில் இருக்க வேண்டும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, மழைக் கோட்டு. எல்லாம் அடுக்கித் தராசில் தொங்கவிட்டேன், 11 கிலோ. அம்மா அந்தப் பையை ஒரு நாயைப் பார்ப்பது மாதிரி சுற்றிப் பார்த்தார்.

''இவ்வளவையும் சுமந்துகிட்டு நடந்தா அது யாத்திரையா, சுமைகூலியா? நாங்க பழனிக்கு ஒரு மஞ்சப்பை, ஒரு மாத்துச் சேலை, ஒரு போர்வை. அவ்வளவுதான்.''

''சோறு?''

''வழியில போடுவாங்க.''

''தூங்க?''

''வழியில விடுவாங்க.''

இதற்கு என்ன பதில் சொல்ல? பழனி ரோட்டில் தைப்பூச நேரத்தில் அது உண்மைதான்; பந்தல் பந்தலாக அன்னதானமும் மோரும் இருக்கும். சரபோஜி கடிதத்தில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் போகிற நாளில் எங்கள் ரோட்டில் எந்தப் பந்தலும் இருக்காது. மலையில் நான் கற்றதும் இங்கே முழுதாகப் பொருந்தாது. நாலு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கும் ரோட்டில் அடுப்பு எதற்கு? இரண்டு பள்ளிகளும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கூடாரமும் அடுப்பும் ஸ்லீப்பிங் பேக்கும் பரணுக்குத் திரும்பின. ஒரு மெல்லிய போர்வை, இரண்டு செட் துணி, நாலு ஜோடி சாக்ஸ், மருந்துப் பை, டார்ச், பவர் பேங்க், அடையாள அட்டை. கடலோரப் பகுதி என்பதால் போலீஸார் விசாரிப்பது சகஜம், அட்டை கையில் இருக்க வேண்டும். இப்போது தண்ணீர் இல்லாமல் 4 கிலோ. தண்ணீரோடு? அதைச் சொல்லத் தனிப் பத்தி வேண்டும்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகும் பெண்களின் படம் இல்லாமல் எங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரையே வராது. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. தனுஷ்கோடியில் கடலுக்குப் பத்தடி தள்ளி ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வருவதைப் பார்த்து டூரிஸ்ட்கள் அதிசயப்படுவார்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேலே மெல்லிய போர்வை மாதிரி மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான்.

பாதையைத் திட்டமிட மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைப் படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. உச்சிப்புளி சுற்று வட்டாரத்தில் இரட்டையூருணி, நொச்சியூருணி என்று ஊருணிகளாக வருகின்றன. ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர். எங்கே குடிக்கலாம் என்று ஊரின் பெயரிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள்! தீவின் கடைசிப் பகுதியில் முகுந்தராயர் சத்திரம். அங்கே இன்றைக்குச் சத்திரத்தைத் தேடினால் கிடைக்காது, பெயர் மட்டும் மிச்சம். வெயிலில் சுமையோடு நடக்கும் ஒருவர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். கடைகள் இருக்கும் முதல் ஐந்து நாள்களுக்கு என் பையில் 2 லிட்டர். கடைசி நாள் மட்டும் 4 லிட்டர், அதாவது 4 கிலோ. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, உப்பும் உள்ளே போக வேண்டும். எனக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அம்மாவுக்கு உப்புப் போட்ட மோர். சாப்பிட அவித்த முட்டை, சுண்டல், வறுத்த கடலை. பொங்கலை ஒட்டிய பனங்கிழங்கு சீசன் முடியாமல் இருந்தால், அவித்த கிழங்கு நாலு. அதைவிட வசதியான வழிச்சாப்பாட்டை எந்த அவுட்டோர் கடையும் விற்பதாக எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி, ஊர்ப் பெரிய கண்மாய்க் கரையில். வார நாள்களில் மதுரையில் ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு ஊருக்கு வந்து நீண்ட நடை. முதல் வாரம் 5 கிலோமீட்டர், சுமையில்லாமல். பிறகு வாரத்துக்குக் கொஞ்சம் தூரம், கொஞ்சம் எடை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. மூச்சு இரண்டே வாரத்தில் பழகிவிடுகிறது, அதுதான் ஏமாற்று வேலை. தசைநாரும் மூட்டும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு 'போ போ' என்று சொல்லும், முழங்கால் பதில் சொல்லும்.

வெயிலுக்கும் தனியாகப் பழக வேண்டும். உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். நாளெல்லாம் ஏ.சி-யில் இருப்பவளுக்கு அது சும்மா வராது. அதனால் இப்போது வேண்டுமென்றே நடையைக் காலை 5 மணியிலிருந்து 8 மணிக்குத் தள்ளிவிட்டேன், எனக்கு மட்டும். அம்மாவுக்கு விடியற்காலைதான்.

நடுவில் ஒரு ஞாயிறு அரியமான் கடற்கரையில் மணலில் நடந்து பார்த்தேன். கால் புதைகிற மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. கடலோரமாகவே நடந்து போகலாம் என்ற என் அழகான கற்பனை அங்கேயே முடிந்து, தார் ரோடு என்று முடிவானது. வாடைக் காலத்தில் இந்த வடகடல் பக்கம் காற்றும் அலையும் அதிகம். தென்கடல் அமைதியாகக் கிடக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். எந்தக் காற்று முகத்தில் அடிக்கும், எது முதுகைத் தள்ளும் என்பதை மீனவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும். என் போனில் இருக்கும் ஆப் இதுவரை அவர்களை ஜெயித்ததில்லை.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடலில் இறங்கி, பாறையில் கையைவிட்டுப் பாசி பறிக்கிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றியிருந்தார். என் கால் கொப்பளத்தைக் காட்டியதும், ''வெரலோட வெரல் உரசுதுத்தா. வெரலுக்கு வெரல் துணி சுத்து, தன்னால நிக்கும்'' என்றார். அன்றிலிருந்து கால் விரல்களுக்கு காட்டன் டேப். இரண்டு வாரமாகக் கொப்பளம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு, இறுக்காமல், தினம் பிரித்துப் பார்த்து மாற்றுகிறேன்.

பெண்கள் நடக்கக் கிளம்பினால் எந்தப் பட்டியலிலும் எழுதாத ஒன்று இருக்கிறது, கழிப்பறை. மலையில் அதற்கு மறைவு கிடைக்கும். தேசிய நெடுஞ்சாலை 87-ல் டூரிஸ்ட் வேன்கள் விரைந்துகொண்டிருக்கும்போது எங்கே போவது? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவதுதான் பெரும்பாலான பெண்கள் செய்வது. எங்கள் வெயிலில் அது ஆபத்து. இதை அம்மா கையில் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் ஏறி இறங்கி, பெட்ரோல் பங்க், கோயில், கல்யாண மகால், பள்ளிக்கூடம் என்று விசாரித்து, நான் எடுத்துக் கொடுத்த மேப் பிரின்ட்டில் பேனாவால் வட்டம் போட்டு வந்தார். வட்டத்துக்குப் பக்கத்தில் குறிப்பு வேறு: 'சாவி டீக்கடையில்', 'வாட்ச்மேன் நல்ல ஆள்'.

தங்கலும் அவர் ஏற்பாடுதான். தேவிபட்டினத்தில் ஒரு லாட்ஜ், அது மட்டும் நான் பிடித்தது. இரண்டாம் நாள் ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டிலேயே. இப்படி ஒரு யாத்திரையை எங்கேயும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் வழியில் நம் வீடு வந்தால் என்ன செய்வது! உச்சிப்புளியில் சித்தப்பா மகன் வீடு. மண்டபத்தில் அவருடைய பள்ளித் தோழியின் அண்ணன் குடும்பம். அவர்களோடு அம்மா பேசியே இருபது வருடம் ஆகியிருக்கும். ''ராமேஸ்வரத்துக்கு நடந்து வர்றோம், ஒரு ராத்திரி படுக்க இடம் வேணும்'' என்றதும், எதிர்முனையில், ''வேற எங்க போய்ப் படுப்பீங்க?'' என்று கேட்டார்களாம். போனை வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வையில் 'சத்திரம் எங்கேயும் போகலடி' என்று எழுதியிருந்தது.

ஒவ்வொரு நாளும் 15-லிருந்து 20 கிலோமீட்டர். அதில் அம்மா காலை நாலரையிலிருந்து முதல் 8 கிலோமீட்டர் என்னோடு நடப்பார். பிறகு பஸ் ஏறித் தங்குமிடத்துக்குப் போய்விடுவார்; நான் மிச்சத்தை நடந்து 10 மணிக்குள் சேருவேன். இருட்டில் நடக்கும்போது இருவருக்கும் வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ரோட்டின் வலது ஓரம். 'பஸ்ஸில் ஏறினால் யாத்திரைக் கணக்கில் வருமா?' என்று ஒரு பெரியம்மா கேட்டிருக்கிறார். அம்மா, ''என் கால் கணக்கு எனக்கு, உங்களுக்கெதுக்கு?'' என்று முடித்துவிட்டார்.

அவர் முழுதாக நடந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது ஒரே ஒரு இடத்துக்கு. பாம்பன் பாலம். 1914-ல் ரயில் பாலம் வந்தது. ரோடு பாலம் 1988-ல்தான். அதுவரை கடலைத் தாண்ட ரயிலோ படகோதான். பழனிக்கு அத்தனை முறை நடந்தவர், பக்கத்தில் இருக்கும் இந்தப் பாலத்தைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே கடந்திருக்கிறார். இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவர் கணக்குக்குள் தாராளமாக அடங்கும். பிரச்னை காற்று. பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. போன வாரம் ஒத்திகைக்காக விடியற்காலையில் பாலத்தின் நடைமேடையில் கொஞ்ச தூரம் போனோம். கீழே, 2025-ல் திறந்த புதுப் பாலமும் அதன் பக்கத்தில் பழையதும். அம்மாவின் சேலை பாய்மரம் மாதிரி விரிந்து அவரைக் கைப்பிடிச் சுவரோடு தள்ளியது. ஒரு கையில் முந்தானை, ஒரு கையில் என் பையின் வார். திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, வழக்கம்போல் இடது பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, ''ஒரு சுடிதார் எடுத்துரு'' என்றார். வாழ்க்கையில் முதல் சுடிதார். அடர் நீலத்தில் எடுத்திருக்கிறேன். துப்பட்டா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அதில் மட்டும் சமரசம் இல்லை. ஊக்குக் குத்திக்கொள்வாராம்.

கடைசி நாள் நடையில் எனக்குத்தான் கவலை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது 2017-ல்தான். நிழல் கிடையாது, மாலைக்குப் பிறகு அங்கே இருக்க விட மாட்டார்கள். விடியும்போது முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டிவிட வேண்டும். திரும்ப அரசு பஸ் உண்டு. அந்தப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக 2025-ல் அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் போகும் பருவத்தில் அவை இருக்கும். அம்மா அன்றைக்கு 10 கிலோமீட்டர் கேட்கிறார். சரணாலயப் பக்கம் கடைசி 8-ஐ நடக்கட்டும் என்று நான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். டாக்டரைக் கடைசியாகப் பார்க்கும் நாளில் அது முடிவாகும்.

நேற்று அம்மா மஞ்சள் பையைத் தராசில் தொங்கவிட்டார். 1 கிலோ 300 கிராம். மாத்துத் துணி, மாத்திரை, சர்க்கரை பார்க்கும் மெஷின், குளுக்கோஸ் பொட்டலம், திருநீறு, பாதம் பார்ப்பதற்கு அவருடைய பழைய பொட்டுக் கண்ணாடி. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நடந்தார் என்பதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டி வைக்கிறார். மேலே இருக்கும் தாளில் '9, புண் இல்லை' என்று இருக்கிறது. கிளம்ப இன்னும் மூன்று வாரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகப் புது ஷூவோடும் மஞ்சப்பையோடும் தேவிபட்டினம் ரோட்டில் இறக்கிப் பார்க்கப் போகிறேன். நவபாஷாணத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுகிற கை, கரையிலேயே கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.